அக்கா என்றால் சும்மாவா?



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடும்மா. கவிதை மட்டும் வேண்டாம், காதல் கவிதையே ஒரு கட்டு வந்து கிடக்கு" என்று யூனியன் செயலாளர் கேட்டுக் கொண்டார். தப்பித்தீர்கள்! நான் எழுதப் போவது ஒரு சங்கத்தில் சேர்ந்த கதை. தேர்தலில் நிற்கிற சங்கமல்ல, கொடி பிடிக்கிற சங்கமும் அல்ல. அமெரிக்காவில் அதற்கு ஒரு பெரிய பெயர் இருக்கிறது. நம்ம அம்பத்தூரில் அதற்குப் பெயரே கிடையாது.

அமெரிக்கப் பெயர் 'சொராரிட்டி'. லத்தீன் மொழியில் 'சொரார்' என்றால் சகோதரி. 1851-ல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், வெஸ்லியன் பெண்கள் கல்லூரி மாணவிகள் சிலர் சேர்ந்து 'அடெல்ஃபியன் சொசைட்டி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கல்லூரிப் பெண்களுக்கான இரகசியச் சங்கங்களில் அதுதான் முதலாவது. அதன் பின் வந்த பெண்கள் சங்கங்கள் பலவும், வேறு சொல் இல்லாத காரணத்தால், தங்களை 'ஃப்ரடெர்னிட்டி', அதாவது சகோதரர் சங்கம், என்றே சொல்லிக் கொண்டன. வகுப்பில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே "டேய் பசங்களா" என்று பாடம் ஆரம்பிப்பார்களே, அது மாதிரி! கடைசியில், 1874-ல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய காமா ஃபை பீட்டா என்ற சங்கத்துக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் 'சொராரிட்டி' என்ற சொல்லை உருவாக்கிக் கொடுத்தார்.

அங்கே இதில் சேருவது லேசுப்பட்ட காரியமில்லை. நீங்கள் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரேக்க எழுத்துகளில் பெயர், தனி வீடு, சந்தா, சின்னம், வெளியே சொல்லக் கூடாத சடங்குகள் எல்லாம் உண்டு. சில இடங்களில் 'சேர்க்கைச் சோதனை' என்ற பெயரில் புதியவர்களைப் படுத்தி எடுப்பதும் உண்டு. நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் ராகிங்.

இதில் எனக்குப் பிடித்தது 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்ற சங்கம். வெள்ளைக்காரப் பெண்களின் சங்கங்கள் கறுப்பினப் பெண்களுக்குக் கதவைத் திறக்காத காலம் அது. 1908-ல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தாங்களே இதைத் தொடங்கினார்கள். கமலா ஹாரிஸ் 1986-ல் அங்கே படிக்கும்போது இதில்தான் சேர்ந்தார். அவர் கழுத்தில் அடிக்கடி தெரியும் முத்துமாலை இந்தச் சங்கத்தின் அடையாளம். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக அவர் ஏற்புரை ஆற்றியபோது நம்முடைய 'சித்தி' என்ற சொல்லை உலகமே கேட்டது நினைவிருக்கிறதா? அதே உரையில் இந்தச் சங்கத்தையும் தன் குடும்பம் என்றே சொன்னார்.

அவருடைய அம்மா சியாமளா கோபாலனின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். 1958-ல் பத்தொன்பது வயதில் தனியாகக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊர். அங்கே கறுப்பின மாணவர்கள் நடத்திய ஒரு படிப்பு வட்டத்தில் சேர்ந்தார். அந்த நண்பர்கள்தான் பிறகு அவர் பிள்ளைகளுக்குச் சித்தி, மாமா எல்லாம் ஆனார்கள். ஊர் விட்டு ஊர் போகிற பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது உறவு. அது ரத்தத்தில் கிடைக்காத இடத்தில் கதவைத் தட்டித்தான் தேட வேண்டியிருக்கிறது.

சரி, அமெரிக்கா போதும். ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம்!

மொட்டை மாடியில் ஒரு கூட்டம்

எனக்குச் சொந்த ஊர் திருத்தணி பக்கம் பொதட்டூர்பேட்டை. அப்பாவுக்கு இரண்டு பவர்லூம். பத்தாம் வகுப்பு முடித்து நான் டிப்ளமோவில் சேர்ந்தபோது எனக்கு வயது பதினைந்து. தினமும் ரயிலில் போய் வந்தால் படிக்க நேரம் இருக்காது என்று அம்பத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அறைக்கு நாலு பேர். பாதிப் பேர் மாணவிகள், மீதிப் பேர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். காலையில் பாத்ரூம் வாசலில் நிற்கும் வரிசையில் மட்டும் எல்லோரும் சமம்.

பெட்டியைத் தூக்கிக் கொண்டு வரும்போதே அம்மா காதோடு சொன்னாள்: "பெரிய பொண்ணுங்க ஏதாவது பண்ணச் சொன்னா உடனே போன் பண்ணு." அம்மாவின் பயம் வெறும் பயமல்ல. 1996 நவம்பரில் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. அதன் பிறகுதான் 1997-ல் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியை விட்டு நீக்கம். 2009-ல் நம்மைப் போன்ற தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் சேர்த்து நாடு முழுவதும் விதிகள் வந்தன. அட்மிஷன்போது அப்பாவும் நாமும் கையெழுத்துப் போட்டுத் தருகிறோமே, அந்த உறுதிமொழிப் பத்திரத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி, "புதுசா வந்தவளை மொட்டை மாடிக்கு வரச் சொல்லு" என்று ஆள் வந்தது. போச்சுடா என்று நினைத்துக் கொண்டு போனேன். துணி காயப்போடும் கயிறுகளுக்கு நடுவே ஏழெட்டு அக்காக்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிற அக்காதான் தலைவி என்று பார்த்தாலே தெரிந்தது. (எங்கள் ஹாஸ்டலில் யாருக்கும் பெயர் நிலைக்காது. மெக்கானிக்கல் அக்கா, சிவில் அக்கா, எக்ஸ்போர்ட் அக்கா, அவ்வளவுதான்.)

"உனக்கு என்ன தெரியும்?"

பாடச் சொல்வார்களோ, ஆடச் சொல்வார்களோ என்று நினைத்திருந்த எனக்கு நாக்கு ஒட்டிக் கொண்டது. "தறி ஓட்டத் தெரியும்கா. அறுந்த நூலை முடியத் தெரியும்."

"பரவாயில்லையே! நமக்குத் தெரியாத வேலை. உட்காரு."

அப்புறம் மூன்று சட்டம் சொன்னார்கள். ஒன்று: ராத்திரி ஒன்பது மணிக்கு வார்டன் எண்ணுகிறாரோ இல்லையோ, நாம் நம்மை எண்ணிக் கொள்ள வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் போன் போட வேண்டும், ஸ்டேஷனுக்கு இரண்டு பேர் போக வேண்டும். இரண்டு: படித்து முடித்துப் போகிறவள் கால்குலேட்டர், மினி டிராஃப்டர், லேப் கோட் எதையும் ஊருக்குத் தூக்கிப் போகக் கூடாது. மூன்று: வீட்டிலிருந்து யாராவது படிப்பை நிறுத்திக் கூட்டிப் போக வந்தால், அந்தப் பேச்சுக்குத் தனியாகப் போகக் கூடாது. ஒரு அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது சட்டம் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் நடக்காது என்று சிரித்தேன். சிவில் அக்கா சிரிக்கவில்லை.

கையில் ஒரு பழைய கால்குலேட்டரைக் கொடுத்தார்கள். மூடியின் உள்பக்கம் காம்பஸ் முனையால் நாலு பேருடைய இனிஷியல்கள் கீறப்பட்டிருந்தன. ஐந்தாவதாக என்னுடையதை நானே கீறினேன். அமெரிக்காக்காரிக்கு முத்துமாலை என்றால், எனக்கு இது! முத்துமாலையில் சைன் தீட்டா போட முடியுமா, சொல்லுங்கள்?

யாரை உள்ளே விடுவது?

சங்கம் என்று ஒன்று வந்துவிட்டாலே சண்டையும் வந்துவிடும். எங்கள் சண்டை எக்ஸ்போர்ட் அக்காவால் வந்தது. எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவர். எங்கள் அறையில் நாலாவது கட்டில் அவருக்கு வந்தது. ஒன்பது மணிக் கணக்கில் அவரையும் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது ஒரு அக்கா முகம் சுளித்தார். "இது ஸ்டூடன்ட்ஸுக்காக வெச்சுக்கிட்டது. கம்பெனி ஆளுங்களை எல்லாம் சேர்த்தா எங்க போய் நிக்கும்?"

மெக்கானிக்கல் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். "ராத்திரி எட்டரைக்கு ஸ்டேஷன்லேர்ந்து நடந்து வரோம். தெரு நாய் ஐ.டி. கார்டு பார்த்துட்டா குரைக்குது?"

அத்தோடு விவாதம் முடிந்தது. எக்ஸ்போர்ட் அக்கா உள்ளே வந்தார்.

இந்தச் சண்டை நம் ஹாஸ்டலில் மட்டும் நடந்ததல்ல என்று பின்னால் நூலகத்தில் படித்துத் தெரிந்து கொண்டேன். சகோதரி சுப்புலட்சுமி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886-ல் பிறந்து, விவரம் தெரியாத வயதில் கல்யாணமாகி, உடனே விதவையானவர். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தன்னைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்து, தங்க வைத்துப் படிக்க வைத்தார். பிறகு அந்த இல்லம் மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தையும் தொடங்கினார். பெயருக்கு முன்னால் 'சகோதரி' என்பது கடைசி வரை பட்டமாகவே நின்றது. எத்தனையோ பெண்களை ஆசிரியைகளாக்கிய இல்லம் அது. ஆனால் அது பிராமண விதவைகளுக்கான இல்லம். மற்றவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் வந்து தட்டினார்கள். ஏற்கனவே இருந்த விடுதிகள் அவர்களைச் சேர்க்கவில்லை. "அப்படியானால் என் வீடே விடுதி" என்கிற மாதிரி அவர் தன் வீட்டிலேயே தொடங்கியதுதான் அவ்வை இல்லம். ஒரு சங்கத்தின் பெருமை அதன் கதவில் இருக்கிறது. கதவு எத்தனை பேருக்குத் திறக்கிறது என்பதுதான் கேள்வி. 1908-ல் ஹோவர்டிலும் அதே கேள்விதான், 1930-ல் சென்னையிலும் அதே கேள்விதான், எங்கள் மொட்டை மாடியிலும் அதே கேள்விதான்.

மூன்றாவது சட்டம்

இரண்டாம் ஆண்டு, நாலாவது செமஸ்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வந்தார். கையில் முறுக்குப் பொட்டலம். முகம் சரியில்லை.

"பெட்டிய கட்டும்மா. அத்தை கேட்டுட்டாங்க. அவன் ஒசூர்ல நல்ல வேலையில இருக்கான். படிச்ச வரைக்கும் போதும்."

எனக்குப் பதினெட்டு வயது நிறைய இன்னும் எட்டு மாதம் இருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. நூல் விலை ஏறி, ஒரு தறி நின்று, வட்டி கட்டிக் கொண்டிருந்தவர். அத்தை வீட்டில் நகை கேட்கவில்லை என்பது அவருக்குப் பெரிய விஷயம். எனக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. மாடிப்படியில் நின்று கொண்டிருந்த சிவில் அக்கா எதுவும் பேசாமல் மேலே ஓடினார். இரண்டு நிமிடத்தில் மெக்கானிக்கல் அக்காவும் எக்ஸ்போர்ட் அக்காவும் இறங்கி வந்து வராந்தாவில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

மெக்கானிக்கல் அக்கா மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "அப்பா, தப்பா நினைக்காதீங்க. பதினெட்டு முடியாம கல்யாணம் பண்ணா சட்டப்படி குத்தம். பண்ணி வெச்சவங்களுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். 2006-லயே வந்த சட்டம்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க யாரும்மா எங்க வூட்டு விஷயத்துல? என்னை ஜெயில்ல போடப் போறீங்களா?"

அப்போது எக்ஸ்போர்ட் அக்கா பேசினார். அதுவரை அவர் தன்னைப் பற்றி எங்களிடம் அதிகம் சொன்னதில்லை.

"நான் அவளுக்கு அக்காப்பா. எனக்குப் பதினாறுல முடிச்சாங்க. எங்கப்பாவும் உங்கள மாதிரிதான், நல்லவரு. நல்ல இடம்னுதான் குடுத்தாரு. அவரு குடிக்க ஆரம்பிச்சப்போ எனக்குப் பத்தொம்பது, கைல ஒரு புள்ள. வேலை கேட்டுப் போனேன். 'என்னம்மா படிச்சிருக்கே'ன்னாங்க. பத்தாவதுன்னேன். அயர்ன் பாக்ஸைக் கையில குடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அதேதான். புள்ள எங்கம்மாகிட்ட வளருது, மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கறேன். உங்க பொண்ணுக்குக் கல்யாணம் பண்ண வேணாம்னு நான் சொல்லலப்பா. கைல ஒரு பேப்பர் வரட்டும். அது இருந்தா, நாளைக்கு எது எப்படி ஆனாலும் அவ ஒரு வாசப்படில போய் நின்னு வேலை கேக்கலாம்."

அப்பா தரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். மெக்கானிக்கல் அக்கா ஒரு தாளில் கணக்குப் போட ஆரம்பித்தார். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அது எனக்கு வந்து கொண்டிருந்தது. தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலின் பிரகதி உதவித்தொகை வருடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய். முதலாண்டில் அக்காக்கள் கழுத்தைப் பிடித்து விண்ணப்பிக்க வைத்ததால் அதற்கும் தேர்வாகியிருந்தேன். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கழித்து மீதி வருடத்துக்கு வீட்டிலிருந்து எவ்வளவு வேண்டியிருக்கும் என்று கூட்டிக் காட்டினார். தறிக்காரருக்குக் கணக்கு புரியும். அப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

"மூணு வருஷம் முடியட்டும். அதுக்கப்புறம் நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்" என்றார். போகும்போது முறுக்குப் பொட்டலத்தை எக்ஸ்போர்ட் அக்கா கையில்தான் கொடுத்தார்.

ஐ.டி. கார்டு இல்லாதவளை வெளியே நிறுத்தியிருந்தால், அன்றைக்கு அந்த வராந்தாவில் அந்த வார்த்தைகளைச் சொல்ல ஆளே இருந்திருக்காது. சட்டத்தை நாங்கள் சொல்ல முடிந்தது. அப்பாவின் மனசைத் தொட்டது அவருடைய பதினாறு வயதுதான்.

பத்தாம் வகுப்புத் தமிழோடு நாம் தமிழை மூட்டை கட்டிவிடுகிறோம். ஆனால் பழைய அகப்பாடல்களில் வருகிற தோழியை மறந்திருக்க மாட்டீர்கள். தலைவிக்காக வீட்டாரிடம் எடுத்துச் சொல்வது அவள் வேலை. அதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். இரண்டாயிரம் வருடமாக நம்மிடம் இருக்கிற உத்தியோகத்துக்கு லத்தீனில் சொல் தேட வேண்டியதில்லை! வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் விடுதிகளுக்கும் 'தோழி' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

எண்ணிக்கை தவறக் கூடாது

முதல் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் சாப்பாடு ஒத்துக் கொள்ளாமல் வரிசையாக விழுந்தார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியவில்லை. வதந்தி கிளம்பியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். சம்பள உயர்வுக்காக இல்லை. "எங்க கூட இருந்தவங்க எங்கே?" என்ற கேள்விக்காக. நம் வயதுப் பெண்கள்தான் அவர்கள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தால் ஏன் என்று கேட்பதுதான் சகோதரித்துவத்தின் அரிச்சுவடி. ஒன்பது மணிக்கு நாங்கள் எண்ணுவதை இப்போது யாரும் கேலி செய்வதில்லை.

தோழர்களே, இதைப் படித்துவிட்டு "இது லேடீஸ் மேட்டர்" என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தங்கை இருப்பாள். பிரகதிக்கு முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லுங்கள். பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் 1098 என்ற எண்ணை அவளுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். ராகிங் என்றால் 1800-180-5522. ஃபார்முலாவை மறந்தாலும் இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

மெக்கானிக்கல் அக்கா இப்போது ஒரகடத்தில் வேலையில் இருக்கிறார். எக்ஸ்போர்ட் அக்கா போன வருடம் மகளைக் கூட்டி வந்து பாடி பக்கம் ஒரு வீடு எடுத்துக் குடியேறிவிட்டார். அட்வான்ஸில் ஒரு பங்கு எங்கள் சீட்டுப் பணம். அந்தக் குட்டிக்கு நாங்கள் ஒன்பது சித்திகள்!

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது என் ஆறாவது செமஸ்டர் தேர்வு நெருங்கியிருக்கும். அப்பா சொன்ன மூன்று வருடமும் முடிகிறது. பேச்சு மறுபடி வரும், எனக்குத் தெரியும். இந்த முறை என் வயது பத்தொன்பது, கையில் டிப்ளமோ இருக்கும். நானே உட்கார்ந்து பேசுவேன். பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று ஹாஸ்டலில் இப்போதே போட்டி!

ஜூன் மாதம் முதலாண்டுப் பெண்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். கால்குலேட்டர் மூடியில் ஆறாவது இனிஷியலுக்கு இடம் இருக்கிறது. அதை வாங்கிக் கொள்ளப் போகும் தங்கையே, நீ எந்த ஊர், எந்த டிபார்ட்மெண்ட், எந்தக் கம்பெனி என்று கேட்க மாட்டோம். உனக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்போம். பயப்படாமல் மாடிக்கு வா.

— இறுதியாண்டு மாணவி,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை